பழைய டிவி அன்டெனாவில் அண்டக்கதிர் கேட்குமா?

டீச்சர், உங்கள் கேள்வியை முதலில் மற்றவர்களுக்கும் விளங்கும்படி சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறீர்கள். விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் துணிக்கைப் பொழிவை ரேடியோ அன்டெனா வைத்துப் பிடிக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை எங்கோ வாசித்திருக்கிறாள். "நம்ம ஸ்கூல் கூரையில கெடக்குற பழைய டிவி அன்டெனாவுல அது கேக்குமா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். அது உண்மையா, பாடசாலை அளவில் செய்யக்கூடிய வேலையா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

உண்மைதான். அந்தச் சமிக்ஞை உங்கள் கூரைமேல் தினமும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. விழுவதை மற்ற இரைச்சலிலிருந்து பிரித்து எடுப்பதில்தான் பாடு இருக்கிறது. அந்த அன்டெனாவை மட்டும் வைத்து முடியாது. ஆனால் அதன் அலுமினியக் குழாயை வைத்துத் தொடங்கலாம். அத்தோடு, நம் மலைநாடு இந்த வேலைக்கு இயற்கையிலேயே நல்ல இடம். அதற்கான காரணத்தை உங்கள் பிள்ளைகள் படிக்கும் பிளெமிங்கின் இடக்கை விதியிலிருந்தே, அதாவது காந்தப்புலத்தில் மின்னோட்டம் எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று விரல்களால் காட்டும் விதியிலிருந்தே, காட்டலாம். நானும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்து, பிறகு வெளிநாட்டில் இத்தகைய அன்டெனா வயல் ஒன்றில் சில வருடங்கள் வேலை செய்தவன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

முதலில், பொழிவு என்றால் என்ன? அண்டக்கதிர் என்பது பெரும்பாலும் ஒரு புரோத்தன், சில வேளை ஈலியத்திலிருந்து இரும்பு வரை ஏதாவது ஓர் அணுக்கரு. 1912 இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஐயாயிரம் மீற்றருக்கு மேலே போய், உயரம் கூடக் கூடக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். 1938 இல் பியேர் ஓஜேயும் அவருடைய குழுவினரும், தூரத் தூர வைத்த கருவிகளில் ஒரே கணத்தில் துணிக்கைகள் விழுவதைக் கண்டார்கள். மேலே வந்தது ஒரே ஒரு துணிக்கை. அது காற்றின் அணு ஒன்றில் மோதி உடைந்து, உடைந்தவை மேலும் மோதி உடைந்து, கடைசியில் கோடிக்கணக்கான இலத்திரன்களும், அவற்றின் நேரேற்றச் சோடியான பொசித்திரன்களும், இலத்திரனின் பாரமான உறவான மியூவன்களுமாக இறங்குகிறது.

சக்தியை நம் பக்கத்துக் கணக்கில் சொல்கிறேன். அன்டெனாவில் தெரியத் தொடங்குவது சுமார் 10¹⁷ இலத்திரன் வோல்ற்றுச் சக்தியுள்ள துணிக்கைகள்தான். அது 0.016 யூல். கொழுந்து எடுக்கிற கையிலிருந்து ஒரு கிராம் கொழுந்து நழுவி, சுமார் 1.6 மீற்றர் கீழே தரையில் விழும்போது இருக்கும் சக்தி அவ்வளவுதான். கொழுந்தில் அது எண்ணிலடங்காத அணுக்களுக்குள் பங்கிடப்பட்டிருக்கிறது. அண்டக்கதிரில் அவ்வளவும் ஒரே ஓர் அணுக்கருவுக்குள் இருக்கிறது. இதைவிடவும் பெரியவை உண்டு. 1991 ஒக்டோபர் 15 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதிவான ஒன்று 3.2 × 10²⁰ இலத்திரன் வோல்ற்று, அதாவது ஏறக்குறைய 50 யூல். பத்துக் கிலோ கொழுந்துக் கூடையை அரை மீற்றர் தூக்கிவைக்கிற வேலை அது.

இனி ரேடியோவுக்கு வருவோம். பொழிவு இறங்கும்போது ஒரு நீண்ட தூணாக இறங்குவதில்லை. தோசை மாதிரி அகன்று, ஒரு மீற்றரிலிருந்து சில மீற்றர் வரை தடித்த ஒரு தகடாக, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வருகிறது. 10¹⁷ பொழிவின் உச்சக்கட்டத்தில் அந்தத் தகட்டுக்குள் ஆறு ஏழு கோடித் துணிக்கைகள் இருக்கும். 50 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் அலைநீளம் 6 மீற்றர். தகடு அதைவிட மெல்லியது. ஆகவே உள்ளே இருக்கும் அத்தனை துணிக்கைகளும் அந்த அலைக்கு ஒன்றாகவே தெரிகின்றன. எல்லாம் ஒரே கட்டத்தில் கதிர்வீசுகின்றன.

ஒரே கட்டம் என்பதைக் காமன் கூத்துப் பார்த்த பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. பத்துத் தப்பு மேளமும் தாளம் பிசகாமல் ஒன்றாக விழுந்தால் எதிர்மலை வரை கேட்கிறது. ஆளுக்கொரு பக்கம் தட்டினால் பக்கத்து லயத்திலேயே வெறும் இரைச்சல்தான். கணக்கும் அதுதான். கட்டம் தவறிய கதிர்வீச்சில் வலு துணிக்கைகளின் எண்ணிக்கைக்கு விகிதசமம். கட்டம் சேர்ந்ததில் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு விகிதசமம். ஆறு கோடியின் வர்க்கம் எவ்வளவு என்று பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வர்க்கம் மட்டும் இல்லையென்றால் இந்தத் துறையே இருந்திருக்காது.

சரி, துணிக்கைகள் ஏன் கதிர்வீச வேண்டும்? முக்கிய காரணம் பூமியின் காந்தப்புலம். நம் மலைநாட்டின் விசேஷமும் இங்கேதான் இருக்கிறது.

வகுப்பில் ஒரு சின்னச் செய்முறை செய்து பாருங்கள். காந்தமாக்காத ஊசியின் நடுவில் நூலைக் கட்டி, கிடையாக நிற்கும்படி சமன்செய்து கொள்ளுங்கள். அப்புறம் நூலை அவிழ்க்காமல் ஊசியைக் காந்தமாக்கித் தொங்கவிடுங்கள். இங்கே அது ஏறக்குறைய படுத்தபடியே வடக்கு–தெற்காக நிற்கும். அதே ஊசியை நெதர்லாந்தில் தொங்கவிட்டால் 68 பாகை சரிந்து மூக்கைத் தரையில் குத்தும். பூமியின் காந்த மத்தியகோடு நம் தலைக்குப் பக்கத்தில் போவதால் நமக்கு இந்த நிலை. இங்கே புலம் ஏறக்குறைய முழுவதும் கிடையாக, வடக்கு நோக்கி, சுமார் 40 மைக்ரோடெஸ்லா வலிமையோடு இருக்கிறது.

இப்போது இடக்கை விதி. பொழிவு நேர் மேலிருந்து கீழே வருகிறது, புலம் வடக்கே. நேரேற்றமுள்ள பொசித்திரன்கள் கிழக்கே தள்ளப்படும், மறையேற்றமுள்ள இலத்திரன்கள் மேற்கே தள்ளப்படும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்வதால் மின்னோட்டம் ஒரே திசையில், கிழக்கு நோக்கி, கூடிக்கொள்கிறது. பொழிவு வளரும்போது அந்த ஓட்டம் வளர்ந்து, பொழிவு தேயும்போது ஓட்டமும் தேய்கிறது. மாறும் மின்னோட்டம் கதிர்வீசும். நாம் தரையிலிருந்து பார்ப்பது அதைத்தான்: சில பத்து நனோசெக்கன்களுக்குள் முடிந்துவிடும் ஒரு துடிப்பு, மின்புலம் கிழக்கு–மேற்காக முனைவாக்கப்பட்டது, அதாவது கிழக்கும் மேற்குமாகவே ஆடுவது.

துடிப்பின் வீச்சு, புலத்தின் வலிமையோடு அதற்கும் பொழிவின் திசைக்கும் இடையிலான கோணத்தின் சைனைப் பெருக்கியதற்கு விகிதசமம். அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நெதர்லாந்தில் புலம் நம்மிடம் உள்ளதைவிட வலியது, 49 மைக்ரோடெஸ்லா. ஆனால் அது செங்குத்தாகச் சரிந்திருப்பதால், நேர் கீழே வரும் பொழிவுக்குக் கிடைப்பது சுமார் 18. ஆர்ஜென்டினாவின் மலர்குவே சமவெளியில் புலமே 24 தான்; சரிவையும் சேர்த்தால் 19 அளவில். நமக்கோ முழு 40 உம் அப்படியே கிடைக்கிறது. அதே பொழிவு ஹட்டனுக்கு மேலே வந்தால், அண்டக்கதிர் அன்டெனாக்களுக்குப் பேர்போன அந்த இரண்டு இடங்களிலும் கிடைப்பதைப்போல ஏறக்குறைய இரட்டிப்பு வீச்சு. வலுவில் நான்கு மடங்கு. இதை முதல் தடவை தாளில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் அங்கே குளிரில் நின்று, இரைச்சலுக்குள் புதைந்த துடிப்புகளைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, ஊரில் வீட்டுக்கூரைமேல் அது இரண்டு மடங்காக விழுந்துகொண்டிருந்திருக்கிறது!

விதிவிலக்கும் உண்டு. வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ அடிவானத்தை ஒட்டி வரும் பொழிவு புலத்துக்குச் சமாந்தரமாக ஓடும். அப்போது சைன் பூச்சியத்துக்குக் கிட்டப் போய்விடும். அந்தப் பக்கம் நாம் ஏறக்குறைய குருடு.

இன்னொரு கதிர்வீச்சும் கூடவே இருக்கிறது. 1962 இல் சோவியத் பௌதிகவியலாளர் அஸ்கரியான் சொன்னது அது. பொழிவு போகிற வழியில் காற்றின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைத் தட்டி எடுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது, பொசித்திரன்களோ அழிந்துபோகின்றன. அதனால் தகட்டில் மறையேற்றம் மிஞ்சுகிறது, அந்த மிச்சமும் கதிர்வீசுகிறது. அதன் மின்புலம் எல்லாப் பக்கத்திலிருந்தும் பொழிவின் அச்சை நோக்கியிருக்கும். ஆர்ஜென்டினாவில் அளந்தபோது காந்தப்புலப் பங்கோடு ஒப்பிட இது சராசரியாக 14 சதவீதம். நம் இடத்தில் காந்தப்பங்கு இரட்டிப்பதால் இது 7 சதவீதம் அளவுக்குக் குறையும் என்பது என் கணக்கு. அதாவது இங்கே சமிக்ஞை அந்த இடங்களைவிடத் தூய்மையாகக் கிழக்கு–மேற்கு.

வரலாற்றில் ஒரு துண்டு மட்டும் சொல்கிறேன், அது உங்கள் பாடசாலைக்குப் பொருந்தும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இங்கிலாந்தில் பேர்னார்ட் லவெல் என்பவர், அண்டக்கதிர்ப் பொழிவில் ராடார் எதிரொலி கிடைக்குமா என்று தேடினார். மான்செஸ்டர் நகரத்து மின்சார டிராம்கள் விட்ட ரேடியோ இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே, ஜொட்ரெல் பாங்க் என்ற வயல்வெளிக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்தவை விண்கற்களின் எதிரொலிகள். அண்டக்கதிர் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வயல்தான் உலகப் புகழ்பெற்ற வானொலித் தொலைநோக்கு நிலையமாக வளர்ந்தது. அதே இடத்தில் 1965 இல் ஜெல்லியும் தோழர்களும் 44 மெகாஹேர்ட்ஸில் முதன்முதலாகப் பொழிவின் ரேடியோத் துடிப்பைக் கண்டார்கள். அவர்கள் அன்டெனாவை மட்டும் நம்பவில்லை. துணிக்கைகளை எண்ணும் கைகர் எண்ணிகள் ஒரே கணத்தில் அடிக்கும்போது மட்டும் அன்டெனாவைப் பதிவு செய்தார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

எழுபதுகளில் பலரும் இதைக் கைவிட்டார்கள். அந்தக் காலத்து மின்னணுவியலால் நனோசெக்கன் அளவில் அலையைப் பதிந்து பிறகு ஆராய முடியவில்லை. இடிமேகங்களின் மின்புலம் அளவீட்டைக் குழப்பியது. மறுபிறவி 2005 இல். ஜெர்மனியின் கார்ல்ஸ்றூவில், ஏற்கெனவே இருந்த துணிக்கைக் கருவிகளுக்கு நடுவே லோபஸ் என்ற பெயரில் சில அன்டெனாக்களை நட்டு, 40 முதல் 80 மெகாஹேர்ட்ஸ் வரை டிஜிட்டலாகப் பதிந்தார்கள். சுற்றிலும் ரேடியோ இரைச்சல் மிகுந்த இடம். ஆனாலும் எப்போது பார்க்க வேண்டும் என்பதைத் துணிக்கைக் கருவிகள் சொன்னதால் துடிப்பு கிடைத்தது. பிரான்சின் நான்சேயிலும் அதே காலத்தில் கிடைத்தது. பிறகு நெதர்லாந்தின் லோபார் என்ற அன்டெனா வயல். பிறகு ஆர்ஜென்டினாவில், 3,000 சதுர கிலோமீற்றரில் 1,660 தண்ணீர்த் தொட்டிகள் பரப்பிய ஓஜே ஆய்வுநிலையத்துக்குள் 17 சதுர கிலோமீற்றரில் 150க்கு மேற்பட்ட அன்டெனாக்கள். அந்த அன்டெனாக்களில் அளந்து 2016 இல் சொன்னார்கள்: 10¹⁸ இலத்திரன் வோல்ற்றுப் பொழிவு ரேடியோவாக வெளிவிடுவது வெறும் 1.58 கோடி இலத்திரன் வோல்ற்று. ஆறாயிரம் கோடியில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கைப் பிடித்துத்தான் முழுச் சக்தியையும் சொல்கிறார்கள்.

ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள்? பொழிவைப் பார்க்க வேறு நல்ல வழியும் உண்டு. காற்றின் நைதரசன் விடும் மங்கலான ஒளியைத் தொலைநோக்கியால் பார்ப்பது. அதற்கு நிலவில்லாத, மேகமில்லாத இரவு வேண்டும். வருடத்தில் பத்துப் பதினைந்து சதவீத நேரம்தான் வேலை நடக்கும். நுவரெலியா மூடுபனியில் அந்தப் பத்தும் கிடைக்காது. ரேடியோவுக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. பகலும் இரவும் ஒன்று. இடி மின்னல் நேரம் தவிர எப்போதும் கேட்கலாம்.

இன்னொரு காரணம், வந்தது என்ன துணிக்கை என்று கண்டுபிடிப்பது. இரும்புக் கரு உயரத்திலேயே உடைந்து சீக்கிரம் வளர்கிறது. புரோத்தன் இன்னும் ஆழமாக வந்து வளர்கிறது. காற்றின் ஒளிமுறிவுச் சுட்டி ஒன்றைவிட மிகச் சிறிதளவு அதிகம், அதாவது அலை காற்றில் வெற்றிடத்தைவிடச் சற்று மெதுவாகப் போகும். அதனால் பொழிவின் பாதையில் வெவ்வேறு உயரங்களில் புறப்பட்ட அலைகள் அச்சிலிருந்து சுமார் ஒரு பாகை தள்ளி ஒரே கணத்தில் வந்து சேரும். தரையில் அது ஒரு பிரகாசமான வளையம். வளையத்தின் ஆரத்தைப் பார்த்தால் பொழிவு எந்த உயரத்தில் உச்சம் அடைந்தது என்று தெரிகிறது. லோபார் குழு 2016 இல் இந்த வழியில்தான் 10¹⁷ க்கு மேலே வரும் துணிக்கைகளில் இலேசான கருக்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று காட்டினார்கள்.

உங்களுக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. 10¹⁷ பொழிவு நேராக வந்தால் கடல்மட்டத்திலிருந்து நான்கு கிலோமீற்றருக்குச் சற்றுக் கீழே உச்சம் அடையும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உச்சத்துக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு கிலோமீற்றர் சொச்சம்தான். ஒரு பாகைக்கு அது முப்பது நாற்பது மீற்றர் ஆரமுள்ள வளையம். ஐரோப்பாவின் சமதரையில் பரப்புவது போல அன்டெனாவை நூற்றுக்கணக்கான மீற்றர் தள்ளி வைக்கத் தேவையில்லை. பாடசாலை மைதானத்துக்குள் அடங்கும்.

இப்போது அந்த டிவி அன்டெனா. அதில் நான்கு சிக்கல்.

முதலாவது நீளம். பார்க்க வேண்டிய சாளரம் 30 முதல் 80 மெகாஹேர்ட்ஸ். அதற்குக் கீழே சிற்றலை வானொலி, மேலே 87.5 இலிருந்து எப்எம். நடுவில் 55 மெகாஹேர்ட்ஸுக்கு அரை அலைநீள இருமுனை, அதாவது நடுவில் பிரித்த இரண்டு கைகளுள்ள நேரான அன்டெனா, சுமார் 2.6 மீற்றர், கைக்கு 1.3 மீற்றர். டிவி அன்டெனாவின் குழாய்கள் அதைவிடக் குட்டை. இரண்டு பழைய அன்டெனாவை உடைத்து ஒன்று செய்ய வேண்டும். இரண்டாவது, அது அடிவானத்தைப் பார்க்கச் செய்தது. நமக்கு வேண்டியது வானம். மூன்றாவது திசை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான்காவதுதான் பெரியது: பின்னால் இணைக்கும் வாங்கி. உங்கள் மாணவி வாசித்த இடத்தில் யுஎஸ்பியில் செருகும் மலிவான ரேடியோக் குச்சி பற்றியும் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குச்சி ஒரு நேரத்தில் பார்ப்பது சுமார் 2.4 மெகாஹேர்ட்ஸ் அகலம் மட்டுமே. பத்து இருபது நனோசெக்கன் துடிப்பை அதில் விட்டால் நானூறு நனோசெக்கனுக்கு இழுபட்டுச் சப்பையாகிவிடும். துடிப்பின் உயரம் பட்டை அகலத்துக்கு விகிதசமமாகக் குறைகிறது. இரைச்சலோ அதன் வர்க்கமூலத்துக்குத்தான் குறைகிறது. 50 மெகாஹேர்ட்ஸிலிருந்து 2.4 க்கு இறங்கினால் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்குமான விகிதம் நாலரை மடங்கு மோசமாகும். 10¹⁷ பொழிவின் துடிப்பு ஒரு மீற்றருக்குச் சில பத்திலிருந்து நூறு மைக்ரோவோல்ற்று அளவு. முழுப் பட்டையில் பால்வழியின் சொந்த இரைச்சலே ஒரு பதினைந்து மைக்ரோவோல்ற்று வரும். இருக்கிற கொஞ்ச இடைவெளியை நாலரையால் வகுத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. குச்சியில் ஒரு "டிக்" கேட்டு அண்டக்கதிர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வேண்டியது வேறு. நான்கு சானல் உள்ள, வினாடிக்கு இருபது கோடி மாதிரிக்குக் குறையாமல் எடுக்கும் டிஜிட்டல் அலைவுகாட்டி. பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் சாதாரணமாக இருக்கும் பொருள்தான். அன்டெனா அடியிலேயே குறைந்த இரைச்சல் விரிவாக்கி. அதற்கு முன்னே, எப்எம்மைக் கூர்மையாக வெட்டும் வடிகட்டி. பீதுருதலாகலை உச்சியில் ஒலி ஒளிபரப்புக் கோபுரங்கள் நிற்கும் நாட்டில் வடிகட்டி இல்லாமல் விரிவாக்கியை இயக்கினால் அது எப்எம்மிலேயே நிரம்பி மூச்சுத் திணறும்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஜெல்லி செய்தது போல, எப்போது பார்ப்பது என்று சொல்ல ஒரு காவல்காரன். துணிக்கை பட்டால் மினுக்கும் சிந்திலேற்றர்த் தகடுகள் மூன்று நான்கை மைதானத்தில் பரப்பி, எல்லாம் ஒரே மைக்ரோசெக்கனுக்குள் அடித்தால் மட்டும் அலைவுகாட்டி பதிய வேண்டும். 10¹⁷ க்கு மேற்பட்ட பொழிவுகள் ஒரு சதுர கிலோமீற்றருக்கு நாளொன்றுக்குப் பத்து இருபது என்ற அளவில் வருகின்றன. உங்கள் மைதானத்தின் அளவுக்கு வாரத்துக்கு ஒன்று கிடைத்தால் நல்ல அறுவடை. அந்த ஒரு வாரத்துக்குள் மனிதர் உண்டாக்கும் துடிப்புகள் எத்தனை கோடி வரும் என்று யோசியுங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டார் சுவிட்ச் விழும் ஒவ்வொரு தடவையும் ஒன்று. மலிவான எல்இடி பல்ப், போன் சார்ஜர், மழையில் நனைந்த மின்கம்பத்துப் பீங்கான் குமிழ், எல்லாமே அனுப்பும். நான் வேலை செய்த இடத்தில் ஒரு மாதம் முழுக்க வினாடிக்கு ஒரு துடிப்பு வந்துகொண்டே இருந்தது. கருவியில் பிழை என்று கழற்றிக் கழற்றிப் பார்த்தோம். கடைசியில் பக்கத்துப் பண்ணையின் மாட்டு வேலிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. அந்த மாதம் பதிந்ததில் பாதியை வீச வேண்டியிருந்தது, இப்போதும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

மின்னல் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சித்திரை மாதத்திலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரங்களில் மலையில் விழும் இடி உங்களுக்குத் தெரியும். உலோகக் கம்பத்தை மேட்டில் நடாதீர்கள். வானம் இருட்டினால் கேபிளைக் கழற்றி வெளியே போடுங்கள். பிள்ளைகள் யாரும் அன்டெனாவுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. இடிமேகத்துக்குக் கீழே எடுத்த அளவும் சரியாக இருக்காது, மேகத்தின் மின்புலம் பொழிவின் துணிக்கைகளை வேறு திசைக்குத் தள்ளிவிடும். அந்தப் புலம் எவ்வளவு பெரியது என்பதை நமக்குப் பக்கத்திலேயே அளந்திருக்கிறார்கள். ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற அண்டக்கதிர் நிலையம் இருக்கிறது. 2014 டிசம்பர் 1 ஆம் திகதி வந்த இடிமழையின்போது மியூவன்கள் குறைந்ததை வைத்து, மேகத்துக்குள் 130 கோடி வோல்ற்று அழுத்தவித்தியாசம் இருந்தது என்று கணக்கிட்டார்கள்.

அப்படியானால் பாடசாலையில் என்ன செய்யலாம்? நானாக இருந்தால் இந்த வரிசையில் போவேன்.

முதலில் இரைச்சலைக் கேட்கப் பழக வேண்டும். 2.6 மீற்றர் இருமுனை ஒன்றைச் செய்து, இதற்கு அந்த யுஎஸ்பிக் குச்சியே போதும், 30 க்கும் 80 க்கும் இடையில் அமைதியான ஓர் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். இரவு பகலாக வலுவைப் பதியுங்கள். அமைதி போதுமானதாக இருந்தால் வரைபு ஒரு நாளில் ஒரு தடவை மெதுவாக ஏறி இறங்கும். அந்த ஏற்றம் ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முந்தி வரும். விண்மீன்கள்தான் நாளுக்கு நாள் அவ்வளவு முந்தி உதிக்கும். ஆகவே 4 நிமிடம் முந்தினால் அது தொழிற்சாலையில் இருந்து வரவில்லை, சூரியனில் இருந்தும் வரவில்லை. அது பால்வழி. பால்வழியின் மையம் நம் வானத்தில் 54 பாகை வரை ஏறுகிறது. நெதர்லாந்தில் அது அடிவானத்தைத் தாண்டி மேலே வருவதே பாடு. பால்வழியைக் கேட்கக்கூடிய இடத்தில்தான் பொழிவையும் கேட்கலாம். கேட்காவிட்டால் இடத்தை மாற்றுங்கள், அல்லது எந்தக் கட்டடத்திலிருந்து இரைச்சல் வருகிறது என்று கையில் எடுத்துக்கொண்டு நடந்து தேடுங்கள். இதுவே ஒரு தவணைக்கான நல்ல செயற்றிட்டம்.

இரண்டாவது, காவல்காரனைக் கட்டும் வேலை. இரண்டு கைகர் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டும் சேர்ந்து அடிப்பதை மட்டும் எண்ணும் சிறு சுற்று. ஒற்றைக் குழாயை நம்ப வேண்டாம், நம் பாறைகளிலிருந்து வரும் கதிர்வீச்சே அதை நிரப்பிவிடும். இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் மியூவன். அதை நாவலப்பிட்டியில் ஒரு தடவை, பட்டிப்பொலையில் ஒரு தடவை வைத்து எண்ணிப் பாருங்கள், ரயிலிலேயே கொண்டு போகலாம். ஹெஸ் பலூனில் கண்டதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே காண்பார்கள். பிறகு அதே சோடியை 45 பாகை சரித்து, மேற்கே ஒரு வாரம், கிழக்கே ஒரு வாரம். மேற்கிலிருந்துதான் அதிகம் வரும். 1933 இல் மெக்சிகோ நகரத்தில் கொம்ப்டனும் அல்வாரேசும் இதே மாதிரி எண்ணித்தான் அண்டக்கதிர்கள் பெரும்பாலும் நேரேற்றம் கொண்டவை என்று காட்டினார்கள். இந்தக் கிழக்கு–மேற்கு வித்தியாசம் காந்த மத்தியகோட்டுக்குப் பக்கத்தில்தான் மிக நன்றாகத் தெரியும். அதுவும் நம் வாசல்.

மூன்றாவதாகத்தான் நான்கு அன்டெனா, அலைவுகாட்டி, பல்கலைக்கழக உதவி எல்லாம். அந்தக் கட்டத்துக்கு வந்தால் எனக்கு எழுதுங்கள். வடிகட்டியின் சுருள் எத்தனை சுற்று, எத்தனை மில்லிமீற்றர்க் கம்பி என்பதெல்லாம் நான் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். துடிப்பு நான்கு அன்டெனாவிலும் வந்த நேர வித்தியாசத்திலிருந்து திசை கிடைக்கும். அந்தத் திசையும் முனைவாக்கமும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அது பொழிவு. மாட்டு வேலியால் அந்தப் பொருத்தத்தைப் போலி செய்ய முடியாது.

இனி விட்டுவைத்த மூன்றாவது சிக்கல். உங்கள் கூரையில் கிடக்கும் அன்டெனா பீதுருதலாகலையைப் பார்த்து நட்டிருந்ததாக இருக்க வேண்டும். தலவாக்கலையிலிருந்து அது கிழக்குக்கும் வடகிழக்குக்கும் இடையில். குழாய்கள் அந்தத் திசைக்குக் குறுக்கே, அதாவது கிழக்கு–மேற்கைவிட வடக்கு–தெற்குக்கே கிட்டவாக இருந்திருக்கும். மேலிருந்து விழும் பொழிவின் மின்புலமோ கிழக்கு–மேற்கு. இத்தனை வருடமும் அது பொழிவுக்குக் குறைவாகச் செவிகொடுக்கும் நிலையிலேயே நின்றிருக்கிறது. அந்தப் பிள்ளையைக் கூரையடிக்குக் கூட்டிக்கொண்டு போய், திசைகாட்டியை அவள் கையில் கொடுத்து, குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இடக்கையால் அவளையே காட்டச் சொல்லுங்கள்.